மூணு மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் ஏன் கூடுதலாக ஏறுகிறது? காற்றுப் பாடம் நடத்துகிறவர்கள் உதவுங்கள்

வெம்பக்கோட்டை டீச்சர்:

வணக்கம். சிவகாசிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். 11 வருடமாகிறது. ஆய்வகம் என்று எங்களுக்குத் தனி அறை கிடையாது. ஒரு பீரோ, அதில் இரண்டு தட்டில் சாமான்கள், அவ்வளவுதான்.

போன வாரம் ஆறாம் வகுப்பில் காற்றுப் பாடம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று காட்ட நான் எப்போதும் செய்கிற சோதனையைத்தான் செய்தேன். உங்களில் பலரும் செய்திருப்பீர்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்தி, மேலே கண்ணாடி பாட்டிலைக் கவிழ்ப்பது. பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று தண்ணீரில் நாலைந்து துளி சொட்டு நீலம் விடுவேன். பாட்டிலுக்கு வெளியே காகிதப் பட்டை ஒட்டி ஐந்து சமபாகமாகக் கோடு போட்டிருப்பேன். மெழுகுவத்தி அணையும், நீலத் தண்ணீர் உள்ளே ஏறும், ஏறக்குறைய முதல் கோட்டில் வந்து நிற்கும். "எரிந்து தீர்ந்த ஆக்சிஜனுடைய இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது, பார்த்தீங்களா?" என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த நிமிடம் அது.

இந்த முறை முன்வரிசையில் ஒரு பெண், வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை, "டீச்சர், மூணு வத்தி வச்சா?" என்று கேட்டது. "அதே அளவுதான் ஏறும். உள்ளே இருக்கிற ஆக்சிஜன் அதேதானே. சீக்கிரம் அணையும், அவ்வளவுதான்" என்றேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று மூன்றையும் கொளுத்திக் கவிழ்த்தேன். தண்ணீர் முதல் கோட்டைத் தாண்டி ஏறி, இரண்டாம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது.

வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண்ணே கேட்டது: "அப்ப இப்ப மட்டும் காத்துல ஆக்சிஜன் கூடிருச்சா டீச்சர்?"

மறுபடி செய்தேன். அதே மாதிரிதான் வந்தது. மணி அடித்ததும் நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்று இரவு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தனியாக ஏழெட்டு முறை செய்தேன். ஒன்று கண்ணில் பட்டது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் பெரிதாக ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவதாக இருந்தால் எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும் அல்லவா?

இன்னொரு கேள்வியும் பாக்கி நிற்கிறது. பட்டாசு வேலைக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான். "காத்து இல்லாம எதுவும் எரியாதுங்கறீங்க. வெடிக்குள்ள மருந்தைக் கெட்டிச்சு இறுக்கமா காகிதம் சுத்திருப்பாங்க. உள்ள காத்து எங்க இருந்து வருது?"

என்னால் இந்தப் பிள்ளைகளிடம் மழுப்ப முடியாது. மெழுகுவத்தி விஷயத்தில் உண்மையான காரணம் என்ன, ஐந்தில் ஒரு பங்கைச் சரியாகக் காட்ட ஆய்வகம் இல்லாத பள்ளியில் என்ன வழி, இவ்வளவு நாள் நான் சொன்ன காரணம் தவறு என்றால் அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை:

ஆசிரியைக்கு வணக்கம். 32 வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் சமையலறைக் கவனிப்பிலேயே விடை இருக்கிறது.

பாட்டிலைக் கவிழ்க்கும்போது சுடரின் சூட்டில் உள்ளே போகிற காற்று விரிகிறது. விரிந்ததில் ஒரு பகுதி விளிம்பு வழியாக வெளியே போய்விடும். சில நேரம் தட்டுத் தண்ணீரில் குமிழி வருவதைப் பார்த்திருப்பீர்கள். சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று வத்தி என்றால் சூடு கூடுதல், வெளியேறும் காற்று கூடுதல், ஏறும் தண்ணீரும் கூடுதல். அந்தப் பிள்ளை கண்டுபிடித்தது இதைத்தான்.

ஆக்சிஜன் எரிந்து போவதன் பங்கும் கொஞ்சம் உண்டு, ஆனால் சிறியது. மெழுகு எரியும்போது ஆக்சிஜன் மாயமாக மறைந்துவிடாது, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறும். நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே இடம் பிடித்துக்கொண்டு நிற்கும். 25 கார்பன் கொண்ட மெழுகு மூலக்கூறு ஒன்றை எடுத்துக்கொண்டால், 38 பங்கு ஆக்சிஜனைத் தின்று 25 பங்கு கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. ஆகவே உண்மையில் காலியாகும் இடம் 13 பங்குதான். இன்னொரு விஷயம், ஆக்சிஜன் முழுவதும் தீரும்வரை மெழுகுவத்தி எரியாது. 21 விழுக்காட்டில் இருந்து 16 விழுக்காட்டுப் பக்கம் இறங்கினாலே அணைந்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆக்சிஜனால் ஏறக்கூடிய தண்ணீர் நூற்றில் 2 பங்கு கூட வராது. மீதி எல்லாம் சூடு செய்த வேலை. முதல் கோட்டில் வந்து நிற்பது பாட்டிலும் வத்தியும் அப்படி அமைந்துவிட்டதால். விடை சரி, காரணம் தவறு. பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட ஆபத்தான சேர்க்கை கிடையாது. தப்பான விடை வந்திருந்தால் இந்தச் சோதனையை எப்போதோ விட்டிருப்போம்.

பையனுடைய கேள்வி அருமையான கேள்வி. வெடிக்குள் காற்று தேவையில்லை. ஆக்சிஜனை மருந்தே கையோடு கொண்டுபோகிறது. வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட்டின் எடையில் ஏறக்குறைய 47 விழுக்காடு ஆக்சிஜன். சூடேறியதும் அது வெளிப்பட்டு, பக்கத்திலேயே கலந்திருக்கும் கரியையும் கந்தகத்தையும் எரிக்கிறது. உங்கள் ஊர்த் தீக்குச்சியின் தலையிலும் இதே கதைதான், அங்கே பொட்டாசியம் குளோரேட். வாயால் சொன்னால் போதும், வகுப்பில் மருந்து எதையும் கொளுத்திக் காட்ட வேண்டாம். "காற்று இல்லாமல் எரியாது" என்பதை "ஆக்சிஜன் தரும் ஏதோ ஒன்று இல்லாமல் எரியாது" என்று மாற்றிச் சொல்லுங்கள். அவன் அப்பா செய்கிற வேலைக்குள் இருக்கிற வேதியியலை அவனுக்கே முதலில் சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். நேராகச் சொல்லிவிடுங்கள். தேர்வில் எழுத வேண்டிய "ஐந்தில் ஒரு பங்கு" மாறப் போவதில்லை, ஆகவே யாருக்கும் மதிப்பெண் போகாது.

அரூர் வாத்தியார்:

மேடம், நான் தர்மபுரி மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறேன். ஐந்தில் ஒரு பங்கைச் சரியாகக் காட்ட என்ன வழி என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் மூன்று வருடம் அடிபட்டிருக்கிறேன்.

இரும்பைத் துருப்பிடிக்க விடுங்கள். துரு ஆக்சிஜனைப் பிடித்துத் திடப்பொருளாக்கி வைத்துக்கொள்ளும். இடத்தை அடைக்க வேறு வாயு வராது, சூடும் கிடையாது. இதுதான் நேர்மையான சோதனை.

முதல் வருடம் பாத்திரம் தேய்க்கிற கம்பி ஸ்க்ரப்பரைப் பாட்டிலுக்குள் திணித்து வைத்தேன். பத்து நாள் ஆகியும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அது துருப்பிடிக்காத எஃகு, எப்படிப் பிடிக்கும்? இரண்டாம் வருடம் ஆணிகளைப் போட்டேன். பிடித்தது, ஆனால் பரப்பு போதாமல் பருவத் தேர்வே வந்துவிட்டது. மூன்றாம் வருடம் லேத் பட்டறையில் போய் இரும்பு அரப்பொடி கேட்டேன். ஒரு கவர் நிறையச் சும்மாவே கொடுத்தார்கள்.

பொடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி எடுங்கள். சோதனைக்குழாயின் உள்பக்கத்தை உப்புத் தண்ணீரில் நனைத்து, பொடியைத் தூவி உருட்டினால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைத் தட்டிக் கொட்டிவிட்டு, டம்ளர் தண்ணீரில் தலைகீழாக நிறுத்துங்கள். குழாய் சாயாமல் இருக்க ரப்பர் பேண்டால் ஒரு குச்சியில் கட்டிவிடுவேன். சிலர் சீக்கிரம் துருப்பிடிக்க வினிகர் விடுவார்கள். விட்டால் நன்றாக உதறிவிட வேண்டும். மிச்சம் இருந்தால் அது இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை விட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். எனக்கு உப்புத் தண்ணீரே போதுமாக இருந்தது.

மறந்துவிடாதீர்கள்: முதல் நாள் எந்த நேரத்தில் குழாயைக் கவிழ்த்தீர்களோ, கடைசி நாளும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி மாறினாலே காற்றின் பருமன் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் மாறிவிடும். வெயில் நேரத்தில் கவிழ்த்துவிட்டு விடிகாலையில் அளந்தால் ஆக்சிஜன் கூடியதுபோலத் தெரியும்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. கிராப் தாளில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக் கொடுங்கள். அதில் மில்லிமீட்டர்க் கட்டங்கள் சரியாக 10,000. ஈரமில்லாத காற்றைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால் நைட்ரஜன் 7,808, ஆக்சிஜன் 2,095, ஆர்கான் 93, கார்பன் டை ஆக்சைடு 4. பிள்ளைகளை வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அந்த நாலே நாலு கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் வைத்துவிட்டு, "சார், இவ்வளவுதானா? இதை வச்சா இத்தனை மரமும் வளருது?" என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். வட்டப் படத்தில் 0.04 என்று எழுதிக் காட்டியபோது யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வெம்பக்கோட்டை டீச்சர்:

இருவருக்கும் நன்றி. ஐயா எழுதியதை மூன்று முறை படித்தேன். நேற்று வகுப்பில் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன்: "தண்ணீர் ஏறினதுக்கு நான் சொன்ன காரணம் தப்பு. சூடான காத்து வெளியே போனதுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க வச்சது இந்தப் பிள்ளை கேட்ட கேள்வி." அப்புறம் காலி பாட்டிலை வெந்நீரில் சூடாக்கி, வத்தியே இல்லாமல் தட்டில் கவிழ்த்துக் காட்டினேன். தண்ணீர் ஏறியது. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

லேத் பட்டறைக்கு நாளை போகிறேன். பீரோவில் சோதனைக்குழாய் ஏழு இருக்கிறது.

அதற்குள் இன்னொரு சந்தேகம். ஆக்சிஜனைக் காட்டிவிடலாம். கார்பன் டை ஆக்சைடுக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ராத்திரி முழுக்கத் தெளியவைத்த நீர் இருக்கிறது. ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் மாதிரி ஆகும், சைக்கிள் பம்பால் அடித்தால் அவ்வளவு சீக்கிரம் ஆகாது. நாம் விடும் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்கு, வெளிக்காற்றில் பத்தாயிரத்துக்கு நாலு என்று சொல்ல அது போதும் (உறிஞ்சிவிடாமல் ஊத மட்டும் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்கிறேன்). ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்ப்பதை வைத்து நீராவியைக் காட்டலாம். ஆனால் நைட்ரஜன்? இருப்பதில் பெரிய பங்கு அது. அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் "எரியாது, எரியவும் விடாது, நிறமில்லை, மணமில்லை" என்று இல்லைகளாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது ஒரு பொருளாகவே மனதில் நிற்பதில்லை.

வன்னி மாஸ்டர்:

வணக்கம் அக்கா. நான் வவுனியாவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் காற்றை வளி என்போம். வாயுக்களின் பெயர் நைதரசன், ஒட்சிசன், ஆகன், காபனீரொட்சைட்டு. பெயர் வேறென்றாலும் பிள்ளைகளின் சிக்கல் ஒன்றுதான். என் வகுப்பிலும் நைதரசன் என்றால் மனப்பாடம் செய்கிற எண் மட்டும்தான்.

நான் இப்போது அதைக் கச்சான் செடியில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் பக்கம் நிலக்கடலை என்பீர்கள். கச்சான், பயறு, உழுந்து எது கிடைக்கிறதோ அதைப் பூக்கிற பருவத்தில் வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவிவிட்டு மேசையில் வைப்பேன். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். அதில் ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் பற்றீரியா (நீங்கள் பாக்டீரியா என்பீர்கள்) வேலை செய்கிறது என்று அர்த்தம். மண்ணுக்குள் புகுந்திருக்கும் வளியில் இருந்து நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக மாற்றுகிற வேலை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு முடிச்சை நசுக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அப்புறம் யூரியாப் பையைக் காட்டுவேன். அதில் 46 விழுக்காடு நைதரசன் என்று அச்சடித்திருக்கும். அந்த 46 எங்கிருந்து வந்தது? இதே வளியில் இருந்துதான். ஜேர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹாபர் 1909இல் நைதரசனையும் ஐதரசனையும் உயர்ந்த அழுத்தத்தில் சேர்த்து அமோனியா செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கினார், 1913இல் உற்பத்தி தொடங்கியது. கச்சான் வேர் சத்தமில்லாமல் செய்வதை மனிதர்கள் செய்ய அவ்வளவு பெரிய இரும்புக் கலங்கள் தேவைப்பட்டன. என் பிள்ளைகளில் பாதிப் பேர் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். "வளியில் இருக்கிறதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் சேர்?" என்று அவர்களே கேட்பார்கள். அந்த இடத்தில் நைதரசன் அணுக்கள் இரண்டும் எவ்வளவு இறுக்கமாகக் கைகோத்து நிற்கின்றன என்று சொன்னால் விளங்கிவிடும். நீங்கள் சொன்ன அத்தனை "இல்லை"க்கும் அந்த இறுக்கம்தான் காரணம்.

நீங்கள் வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒட்சிசன் என்ற பெயரே ஒரு தவறைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே அதற்கு "அமிலத்தை உண்டாக்குவது" என்ற பொருளில்தான் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று நம்பினார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்று 1810இல் ஹம்ப்ரி டேவி காட்டிவிட்டார். பெயர் அப்படியே இருக்கிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் அக்கா.

கிணத்துக்காரர் பேரன்:

நான் ஆசிரியன் இல்லை, ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயம். இந்த இழையைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா கிணறு வெட்டுகிறவர். நாள்பட்ட கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. தழைக்கொத்தைக் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கிவிட்டு மறுபடி விளக்கை விடுவார். "அசந்த காத்து" என்பார். 16 விழுக்காட்டில் மெழுகுவத்தி அணைவதைப் பற்றி ஐயா சொன்னதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, மனிதன் மயங்கி விழுவதற்கு முன்னாலேயே விளக்கு அணைந்துவிடுவதால்தான் அது அவரைக் காப்பாற்றியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம், அடியில் தங்கிக்கொள்ளும்.

ஆனால் பிள்ளைகளிடம் விளக்குக் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டியில் இது உதவாது. அங்கே மீத்தேன் இருக்கும், நெருப்பைக் கொண்டுபோனால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஆள் விழுவான். ஒருவர் விழுந்ததும் தூக்கிவிட இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே கிணற்றில் அப்படிப் போனார்கள். கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றை மட்டும் பழக்கிவிடுங்கள்: உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் இறங்கக் கூடாது, கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். காற்றுப் பாடத்தில் எனக்கு அதுதான் முக்கியம்.

வெம்பக்கோட்டை டீச்சர்:

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே வகுப்பில் வாசித்தேன். தீயணைப்பு நிலைய எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தோம், இன்னும் அழிக்கவில்லை. வன்னி மாஸ்டர், பள்ளிக்குப் பின்னாலேயே தட்டைப்பயறு போட்டிருக்கிறார்கள், கேட்டு வாங்கி இரண்டு செடி பிடுங்கினோம். முடிச்சுக்குள் சிவப்பைப் பார்த்ததும் "டீச்சர், ரத்தம்!" என்றார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற பொருளுக்குச் சொந்தக்காரப் பொருள்தான் அங்கேயும் நிறம் தருகிறது என்று அன்றிரவு படித்தபிறகு, அவர்கள் சொன்னது அவ்வளவு தப்பில்லை என்று மறுநாள் போய்ச் சொன்னேன்.

இப்போது குழாய்கள். ஏழும் 15 சென்டிமீட்டர் நீளம். ஆறு குழுவுக்கு ஆறு குழாய், வாத்தியார் சொன்னபடியே. ஏழாவதை என்ன செய்யலாம் என்று கேட்டேன். அதே பெண் எழுந்து நின்றது. "இதுல மூணு பங்கு இரும்புத்தூள் போடலாம் டீச்சர்."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மெழுகுவத்தியில் எங்கே விட்டதோ அங்கேயே வந்து பிடித்துக்கொண்டது.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் குழாய்ச் சுவரில் செம்மண் நிறம். பிள்ளைகள் சாப்பாட்டு மணிக்குக் கூடக் கைகழுவப் போகாமல் ஜன்னலோரம் நின்றார்கள். ஏழாவது குழாயில் தண்ணீர் மற்றவற்றைவிட வேகமாக ஏறியது. "இதுவும் வத்தி மாதிரி தாண்டிப் போகும் பாரு" என்று ஒரு கூட்டம், "போகாது" என்று ஒரு கூட்டம். நாலாம் நாள் ஏழாவது நின்றுவிட்டது. 3.1 சென்டிமீட்டர். இரும்பு பாதிக்கு மேல் கறுப்பாகவே மிச்சம் இருக்கிறது, தண்ணீர் அசையவில்லை. ஒரு வாரத்தில் மற்றவையும் நின்றன. 3.0, 2.9, 3.1, 3.0, 2.8. ஒன்று மட்டும் 3.8.

அந்த 3.8 குழுவுக்கு ஒரே சந்தோஷம், தங்களுக்குத்தான் ஆக்சிஜன் அதிகம் என்று. அவர்களுடைய நோட்டைப் பார்த்தேன். மற்ற குழுக்கள் எல்லாம் காலை வழிபாடு முடிந்ததும் குழாயைக் கவிழ்த்தவர்கள். இவர்கள் ஆள் வரவில்லை என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல வெயிலில் கவிழ்த்திருக்கிறார்கள். கடைசி அளவை எல்லோரோடும் சேர்ந்து காலையில் எடுத்தார்கள். வாத்தியார் எச்சரித்தது அப்படியே நடந்திருக்கிறது. அன்று மதியம் வரை காத்திருந்து மறுபடி அளக்கச் சொன்னேன். தண்ணீர் இறங்கி 3.2க்கு வந்திருந்தது.

15இல் 3 என்றால் ஐந்தில் ஒரு பங்கு என்று நான் சொல்லவே இல்லை, அவர்களே வகுத்துச் சொன்னார்கள்.

இப்போது அடுத்த கேள்வி வந்திருக்கிறது, அதே இடத்தில் இருந்துதான். "மேல மிச்சம் இருக்கிறது எல்லாம் நைட்ரஜன் மட்டும்தானா? எப்படித் தெரியும்?" கிராப் தாளில் 93 கட்டம் ஆர்கான் என்று வண்ணம் தீட்டியிருக்கிறோம். ஆனால் அது இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்ன சொல்வது ஐயா?

தாமிரபரணிக்கரை:

நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவரும் ஆசிரியராக இருந்தவர். அந்தப் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை 1785இல் லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் கேட்டார். காற்றோடு ஆக்சிஜனையும் சேர்த்து, நாள்கணக்காக மின்பொறியைச் செலுத்தி, நைட்ரஜன் முழுவதையும் வேறு சேர்மமாக மாற்றி உறிஞ்சவைத்தார். மிஞ்சிய ஆக்சிஜனையும் நீக்கினார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் எதற்கும் அசையாமல் நின்றது. எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று குறித்துவைத்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததையும் எழுதிவைத்தார் என்பதுதான் பெரிய விஷயம்.

நூறு வருடம் கழித்து ராலே பிரபு நைட்ரஜனை எடைபோட்டார். காற்றில் இருந்து பிரித்த நைட்ரஜன் அவருடைய கண்ணாடிக் குடுவையில் 2.310 கிராம். வேதிச் சேர்மங்களில் இருந்து எடுத்த நைட்ரஜன் அதே குடுவையில் 2.299 கிராம். வித்தியாசம் அரை விழுக்காடு கூட இல்லை. கைப்பிழை என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. வில்லியம் ராம்சேயும் அவரும் 1894இல் காற்றுக்குள் கனமான இன்னொரு வாயு ஒளிந்திருப்பதை அறிவித்தார்கள். எதோடும் சேராததால் கிரேக்க மொழியில் சோம்பேறி என்ற பொருளில் ஆர்கான் என்று பெயர். 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு.

கையில் எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடுங்கள். 60 வாட்டு அல்லது 100 வாட்டு. உள்ளே ஆர்கானும் கொஞ்சம் நைட்ரஜனும் அடைத்திருப்பார்கள், இழை எரிந்துபோகாமல் இருக்க. ஜீரோ வாட்டு பல்பு வேண்டாம், அதில் வெற்றிடம்தான். உடைத்துவிடாதீர்கள், கண்ணாடிச் சில்லு தெறிக்கும்.

வெம்பக்கோட்டை டீச்சர்:

பல்பு கிடைத்துவிட்டது. வெடி பற்றிக் கேட்டானே, அந்தப் பையன் வீட்டுப் பரணில் இருந்து எடுத்துவந்தான், 100 வாட்டு, இழை அறுந்தது. துணியில் சுற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ராலே எடைபோட்ட இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதி, கழித்துப் பார்க்கச் சொன்னேன். 0.011 என்று வந்ததும் "இம்புட்டுக்காகவா?" என்றான்.

பல்பை ஜன்னலில் ஏழு குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஏழாவது குழாயை மட்டும் கழுவ வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறது. பருவ விடுமுறை முடிந்து வந்து தண்ணீர் அதே 3.1இல்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். டம்ளரில் தண்ணீர் வற்றாமல் ஊற்றிவிட வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.